கோதுமைத் தேர்வில் மரபு வேறுபாடும் பண்புகளின் ஒட்டுறவும்: அட்டவணையை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: ரொட்டிக் கோதுமையில் 25 வரிசைகளை, அதாவது தனித்தனி மரபுவகைகளை, ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், மூன்று ரெப்ளிகேஷன்களில் (ஒவ்வொன்றையும் மூன்று பாத்திகளில்) வளர்த்து அளவெடுத்தாயிற்று. ஆயிரம் மணி எடைக்குப் பாரம்பரியத் திறன் (வேறுபாட்டில் மரபால் வரும் பங்கு) மிக அதிகமாகவும், விளைச்சலுக்குக் குறைவாகவும் வந்திருக்கிறது. மொத்த உயிர்நிறையும் அறுவடைக் குறியீடும் (உயிர்நிறையில் மணியாகும் பங்கு) விளைச்சலோடு நெருங்கிய ஒட்டுறவு, அதாவது சேர்ந்தே கூடிக் குறையும் உறவு, காட்டுகின்றன. அப்படியானால் விளைச்சலை விட்டுவிட்டு இந்தப் பண்புகளை வைத்தே தேர்வு செய்யலாமா?

பெரும்பாலும் கூடாது என்பதே என் பதில். அந்த அட்டவணையில் உள்ள எந்த எண்ணும் அந்தப் பண்புக்கே உரிய நிலையான எண் அல்ல. அந்த 25 வரிசைகளும் அந்த வயலும் அந்தப் பருவமும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பீடு அது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு தேர்வு விதியாக மாற்றுவதற்கு முன், அந்த எண் எதிலிருந்து பிறந்தது என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும்.

முதலில் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். ரொட்டிக் கோதுமை 42 குரோமோசோம்களை ஆறு தொகுப்புகளாகக் கொண்ட அறுமடியப் பயிர். ஏ, பி என்ற இரு மரபுத்தொகுதிகளை உடைய நான்மடியக் கோதுமை, டி தொகுதியை உடைய ஈஜிலாப்ஸ் டாஷியை என்ற காட்டுப்புல்லோடு இயற்கையாகக் கலந்து, சுமார் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இது உருவானது. அந்தக் கலப்பு மிகச் சில முறையே நிகழ்ந்ததால், டி தொகுதிக்குள் நுழைந்த மரபுப் பன்மை மிகக் குறுகியது. மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற பன்னாட்டுக் கோதுமை, மக்காச்சோள ஆய்வு நிறுவனம் நான்மடியக் கோதுமையையும் அந்தக் காட்டுப்புல்லையும் மீண்டும் கலந்து செயற்கை அறுமடியக் கோதுமைகளை உருவாக்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். உங்கள் 25 வரிசைகளில் அப்படிப்பட்ட வழிவந்தவை சில இருந்தால் வேறுபாட்டின் அளவு கணிசமாக மாறும். எல்லாமே இரண்டு மூன்று பிரபல ரகங்களின் சந்ததிகளாக இருந்தால் அது சுருங்கிவிடும். ஆகவே ஒரு பண்புக்கு வேறுபாடு குறைவாக வந்திருக்கிறது என்றால், பல நேரங்களில் அது வரிசைகளைப் பொறுக்கியெடுத்த விதத்தைத்தான் சொல்கிறது. கோதுமை என்ற பயிரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அறுமடியமாக இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. பெரும்பாலான ஜீன்கள் மூன்று தொகுதிகளிலும் ஒவ்வொரு பிரதியாக இருப்பதால், ஒரு பிரதியில் நேரும் மாற்றத்தை மற்ற இரண்டும் ஓரளவு மூடி மறைத்துவிடுகின்றன. மணியின் அளவைக் கட்டுப்படுத்தும் ஜி.டபிள்யூ.2 ஜீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஒரு பிரதி செயலிழந்தால் மணி எடை சிறிதே கூடுகிறது, மூன்றும் செயலிழக்கும்போதுதான் விளைவு பெரிதாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் இத்தகைய வேறுபாட்டை எந்த அட்டவணையும் காட்டாது.

இனிக் கணக்குக்கு வருவோம். எண்களை வைத்துப் பேசினால் குழப்பம் குறையும் என்பதால் கற்பனையான, ஆனால் வயலில் வரக்கூடிய எண்களையே எடுத்துக்கொள்கிறேன். ஆயிரம் மணி எடையின் சராசரி 40 கிராம். மாறுபாட்டுப் பகுப்பாய்வில் (மொத்த வேறுபாட்டை அதன் மூலங்களாகப் பிரிக்கும் கணக்கில்) வரிசைகளுக்கான சராசரி வர்க்கம் 60, பிழைக்கானது 6. வரிசைகளுக்கானதிலிருந்து பிழைக்கானதைக் கழித்து, ரெப்ளிகேஷன் எண்ணிக்கையான 3-ஆல் வகுத்தால் மரபு மாறுபாடு 18. அதோடு பிழையின் 6-ஐக் கூட்டினால் வயலில் தெரியும் மொத்த மாறுபாடான புறத்தோற்ற மாறுபாடு 24. இவற்றின் வர்க்கமூலங்களைச் சராசரியால் வகுத்தால் மரபு மாறுபாட்டுக் கெழு, அதாவது ஜி.சி.வி., 10.6 சதவீதமாகவும், புறத்தோற்ற மாறுபாட்டுக் கெழுவான பி.சி.வி. 12.2 சதவீதமாகவும் வரும். 18-ஐ 24-ஆல் வகுத்தால் பாரம்பரியத் திறன் 75 சதவீதம். உச்சியில் உள்ள 5 சதவீதத்தைத் தேர்வதாகக் கொண்டு, 2.06 என்ற தேர்வுச் செறிவைப் பாரம்பரியத் திறனாலும் புறத்தோற்ற மாறுபாட்டின் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால், அடுத்த தலைமுறையில் எதிர்பார்க்கும் மரபு முன்னேற்றம் ஏறத்தாழ 7.6 கிராம், அதாவது சராசரியில் 19 சதவீதம்.

விளைச்சலின் சராசரி ஹெக்டேருக்கு 4.5 டன் என்றும், சராசரி வர்க்கங்கள் முறையே 0.60, 0.24 என்றும் கொள்வோம். மரபு மாறுபாடு 0.12, புறத்தோற்ற மாறுபாடு 0.36, பாரம்பரியத் திறன் 33 சதவீதம். ஜி.சி.வி. 7.7, பி.சி.வி. 13.3, மரபு முன்னேற்றம் 0.41 டன், சராசரியில் 9 சதவீதம்தான். இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, விளைச்சலை விட்டுவிட்டு மணி எடையைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு.

ஆனால் மேலே கணக்கிட்ட 33 சதவீதம் ஒற்றைப் பாத்தியின் பாரம்பரியத் திறன். தேர்வு செய்யும்போது நாம் ஒற்றைப் பாத்தியைப் பார்ப்பதில்லை. மூன்று பாத்திகளின் சராசரியைத்தான் பார்க்கிறோம். சராசரியின் பிழை மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், 0.12-ஐ 0.20-ஆல் வகுக்க வேண்டும். விடை 60 சதவீதம். அதே வயல், அதே எண்கள். ஒரு வழியில் கணக்கிட்டால் 'நடுத்தரம்' என்ற வகுப்பின் கீழ் விளிம்பருகே நிற்பது, இன்னொரு வழியில் 'அதிகம்' என்ற வகுப்பின் வாசலுக்கு வந்துவிடுகிறது. மணி எடைக்கு இதே கணக்கு 90 சதவீதம் தரும். எந்த அடிப்படையில் கணக்கிட்டோம் என்று சொல்லாமல் பாரம்பரியத் திறனை மட்டும் அச்சிடும் அட்டவணைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அப்படி ஒப்பிடும் விவாதப் பகுதிகளை ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்க முடிகிறது என்பது வேறு விஷயம்.

இந்த 60 சதவீதத்தையும் முழுமையாக நம்ப முடியாது. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் நடந்த சோதனையில் மரபு மாறுபாடு என்று நாம் பிரித்தெடுப்பதற்குள் மரபு–சூழல் இடைவினையும் (ஒரு வரிசை இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப வேறுவிதமாக நடந்துகொள்வது) ஒளிந்திருக்கிறது. அதைத் தனியே பிரிக்க அந்தச் சோதனையில் வழியே இல்லை. மணி எடை, பூக்கும் நாள், செடி உயரம் போன்றவற்றுக்கு இந்தக் கலப்படம் ஒப்பளவில் சிறியது. விளைச்சலுக்கு அது பல நேரங்களில் மரபு மாறுபாட்டுக்கே சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. கதிர் வெளிவரும் நாளின் ஜி.சி.வி. எப்போதும் சிறியதாகவே வரும். உடனே 'இப்பண்பில் தேர்வுக்கு வாய்ப்பு குறைவு' என்று எழுதிவிடுவார்கள். விதைத்த நாளிலிருந்து எண்ணுவதால் சராசரி 80 நாள் என்று பெரிதாக இருக்கிறது. திட்ட விலக்கம் 4 நாளாக இருந்தால் கெழு 5 சதவீதம்தான். ஆனால் அதே வரிசைகளுக்குள் முந்தியதற்கும் பிந்தியதற்கும் இடையே பதினைந்து நாள் வித்தியாசம் இருக்கக்கூடும், கோதுமையில் அது ஒரு பயிர் பிழைப்பதற்கும் மணி சுருங்கிப் போவதற்கும் உள்ள வித்தியாசம். முளைவிட்ட நாளிலிருந்தோ தண்டு நீளத் தொடங்கிய நாளிலிருந்தோ எண்ணியிருந்தால் கெழுவும் மாறியிருக்கும். சராசரியால் வகுக்கும் எந்த அளவையும், பூச்சியம் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்ட பிறகே படிக்க வேண்டும்.

ஒட்டுறவுக்கு வருவோம். இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. 25 வரிசைகளின் சராசரிகளை வைத்துக் கணக்கிட்டால், 5 சதவீத மட்டத்தில் பொருளுடையதாக ஏற்க ஒட்டுறவுக் கெழு 0.396-ஐத் தாண்ட வேண்டும். 75 பாத்திகளையும் தனித்தனி மாதிரிகளாகப் போட்டுக் கணக்கிட்டால் சுமார் 0.23 போதும் என்று மென்பொருள் சொல்லும். அது தவறான தைரியம், ஏனென்றால் மரபுவகைகள் 25 மட்டுமே. பத்துப் பண்புகளை எடுத்துக்கொண்டால் 45 இணைகள் கிடைக்கும். அவற்றில் இரண்டு இணைகள் உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாமலே பொருளுடையவை என்ற நட்சத்திரக் குறி வாங்கிவிடும். மரபு ஒட்டுறவு 1-ஐத் தாண்டி வந்திருந்தால் வியப்படைய வேண்டாம், அதற்கு விளக்கம் தேடவும் வேண்டாம். வகுக்கும் இடத்தில் உள்ள மரபு மாறுபாடு நம்பகமாக மதிப்பிடப்படவில்லை என்பதற்கான அறிகுறி அது.

எண் நம்பகமானதாகவே இருந்தாலும், இரண்டு பண்புகள் சேர்ந்து நகர்வதற்குக் காரணம் ஒன்றல்ல. ஒரே ஜீன் இரண்டையும் ஆட்டலாம். பசுமைப் புரட்சியின் முன்னோடியான நார்மன் போர்லாக்கின் வேலையால் உலகெங்கும் பரவிய குட்டை ஜீன்களே இதற்குச் சிறந்த சான்று. ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்த இந்த இரண்டு ஜீன்களும் 4பி, 4டி குரோமோசோம்களில் இருக்கின்றன. அவை ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கிக்குச் செடி காட்டும் எதிர்வினையைக் குறைப்பதால், தண்டு குட்டையாகிறது, கதிருக்குச் செல்லும் பங்கு கூடி அறுவடைக் குறியீடு உயர்கிறது. கூடவே, முளையை மண்ணைத் துளைத்து மேலே கொண்டுவரும் முளையுறையும் குட்டையாகிவிடுவதால் ஆழமாக விதைத்தால் முளைப்பு பாதிக்கப்படுகிறது. இந்தக் கூட்டைக் கலப்பு செய்து உடைக்க முடியாது; வேறு குட்டை ஜீனைத்தான் தேட வேண்டும். ஆர்.எச்.டி.8 ஜீன் முளையுறையைக் குட்டையாக்காமல் தண்டை மட்டும் குறைக்கிறது.

அதே ஆர்.எச்.டி.8 இரண்டாவது காரணத்துக்கும் எடுத்துக்காட்டாகிறது. இத்தாலியில் பயிர்ப்பெருக்குநர் நசரேனோ ஸ்ட்ராம்பெல்லி ஜப்பானின் அகாகோமுகி ரகத்தைப் பயன்படுத்தி உருவாக்கிய கோதுமைகளில் குட்டைத்தன்மையும் முன்கூட்டியே பூப்பதும் சேர்ந்தே வந்தன. காரணம், ஆர்.எச்.டி.8 ஜீனும், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்க வைக்கும் பி.பி.டி.–டி1 ஜீனும் 2டி குரோமோசோமில் அருகருகே இருப்பதுதான். இது பிணைப்பு, போதிய அளவு பெரிய சந்ததியை வளர்த்து, மறுசேர்க்கை நிகழ்ந்த செடிகளைத் தேடினால் பிரிக்க முடியும். ரை என்ற தானியத்திலிருந்து வந்த 1ஆர்.எஸ். குரோமோசோம் கை இதைவிடக் கடினமான நிலைமை: தண்டுத்துரு நோய்க்கு எதிரான எஸ்.ஆர்.31 உள்ளிட்ட பல எதிர்ப்பு ஜீன்களோடு, மாவின் ரொட்டித் தரத்தைக் கெடுக்கும் செகாலின் புரதங்களும் அதே கையில் வந்தன. கோதுமைக் குரோமோசோமோடு அது எளிதில் மறுசேர்க்கை செய்துகொள்வதில்லை. 1990-களின் இறுதியில் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யு.ஜி.99 என்ற துருவகை எஸ்.ஆர்.31-ஐ முறியடித்தபோது, அந்தக் கையின் பெரிய ஆதாயமும் போயிற்று.

மூன்றாவது காரணம் ஜீனுக்கே சம்பந்தமில்லாதது: வரிசைகளின் வம்சக் கூட்டம். 25-ல் 12 வரிசைகள் ஒரு குடும்பத்திலிருந்தும் மீதி வேறொன்றிலிருந்தும் வந்திருந்தால், அந்த இரு குடும்பங்களுக்கும் இடையிலான வித்தியாசங்கள் அனைத்தும் ஒன்றோடொன்று ஒட்டுறவு காட்டும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. குட்டை ஜீன்கள், பி.பி.டி.–டி1, 1ஆர்.எஸ். ஆகியவற்றுக்கான டி.என்.ஏ. குறிப்பான்களைப் பார்த்து வரிசைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒட்டுறவை மீண்டும் கணக்கிடுங்கள். உயரத்துக்கும் அறுவடைக் குறியீட்டுக்கும் இருந்த எதிர்மறை உறவு குழுவுக்குள் காணாமல் போனால், நீங்கள் அளந்தது ஒரே ஒரு ஜீனின் விளைவைத்தான். அந்த ஜீன் ஏற்கனவே நிலைபெற்றுவிட்ட சந்ததியில் அந்த உறவால் ஒரு பயனும் இல்லை.

உயரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒட்டுறவுக் கெழு நேர்கோட்டை மட்டுமே பார்க்கும். கோதுமையின் விளைச்சல் உயரத்தோடு வளைகோடாகத்தான் உறவாடுகிறது. சுமார் 70 முதல் 100 செ.மீ. வரை உள்ள செடிகள் நன்றாக விளைகின்றன, அதற்கு மேல் செடி சாய்ந்து விழுதல், அதற்குக் கீழ் உயிர்நிறைக் குறைவு. உங்கள் வரிசைகள் அந்த வளைவின் இரு பக்கமும் பரவியிருந்தால் கெழு பூச்சியத்தை ஒட்டி வரும். அதற்கு 'தொடர்பில்லை' என்று பொருள் அல்ல. சிதறல் வரைபடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்காமல் எந்தக் கெழுவையும் எழுதிவிடக் கூடாது.

பருவமும் ஒட்டுறவின் குறியையே திருப்பிப் போடும். மணி நிரம்பும் காலத்தில் வெப்பம் ஏறிய வருடத்தில், முந்திக் கதிர்விட்ட வரிசைகள் தப்பித்து மணி திரண்டிருக்கும். பிந்தியவற்றின் மணி சுருங்கியிருக்கும். நீண்ட குளிர்ந்த பருவத்திலோ பிந்தியவை அதிகச் சிறுகதிர்களும் அதிக உயிர்நிறையும் சேர்த்து முந்திவிடும். துருநோய் தாமதமாக வந்த வயலில் முந்திய வரிசைகள் நோய் எதிர்ப்பே இல்லாமல் எதிர்ப்புள்ளவைபோலத் தோன்றும். இந்த மூன்று வயல்களிலிருந்தும் கதிர்விடும் நாளுக்கும் விளைச்சலுக்கும் மூன்று வேறு கெழுக்கள் வரும், மூன்றுமே சரியானவை.

ஒட்டுறவை நேரடி, மறைமுக விளைவுகளாகப் பிரிக்கும் வழித்தடப் பகுப்பாய்வு இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். 1921-ல் சீவால் ரைட் விரிவாக முன்வைத்த இந்த முறையை 1959-ல் டூயியும் லூவும் தீவனப் புல் ஒன்றின் விதை விளைச்சலுக்குப் பயன்படுத்திய பிறகு பயிர்ப்பெருக்க ஆய்வுகளில் அது வழக்கமாகிவிட்டது. ஆனால் எது காரணம், எது விளைவு என்பதை நாம்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முறை அதைக் கண்டுபிடித்துத் தராது. மொத்த உயிர்நிறையையும் அறுவடைக் குறியீட்டையும் காரணங்களாகப் போட்டு, இரண்டுக்கும் மிகப் பெரிய நேரடி விளைவு இருப்பதாகவும் விளக்கப்படாமல் மிஞ்சும் எச்ச விளைவு மிகச் சிறியதாகவும் 'கண்டறிவது' உண்மையில் எதையும் கண்டறிவதல்ல. அறுவடைக் குறியீடு என்பதே விளைச்சலை உயிர்நிறையால் வகுத்த எண். இரண்டையும் பெருக்கினால் விளைச்சல் வந்துதான் ஆக வேண்டும். உங்கள் கேள்வியில் உள்ள ஒட்டுறவின் பெரும்பகுதி இந்த வாய்பாட்டிலிருந்து வந்ததே. அதோடு, விளைச்சலை அளப்பதில் நேர்ந்த பிழை அறுவடைக் குறியீட்டுக்குள்ளும் நுழைவதால் உறவு இன்னும் ஊதிப்பெருக்கப்பட்டிருக்கும்.

விளைச்சலின் கூறுகளை வைத்துப் பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது. ஒரு சதுர மீட்டரில் 400 கதிர்கள், கதிருக்கு 40 மணிகள், மணிக்கு 40 மில்லிகிராம் என்றால் சதுர மீட்டருக்கு 640 கிராம், ஹெக்டேருக்கு 6.4 டன். இவையும் பெருக்கல் உறவுதான் என்றாலும், மூன்றும் வெவ்வேறு காலங்களில் முடிவாகின்றன: தூர்கள் முதலில், சிறுபூக்களின் பிழைப்பு தண்டு நீளும் காலத்தில், மணி எடை பூத்த பிறகு. முன்னது கூடினால் பின்னது குறைவது வழக்கம், ஏனென்றால் செடியிடம் உள்ள சத்து ஒன்றே. மணி எடைக்கும் மணிகளின் எண்ணிக்கைக்கும் இடையே எதிர்மறை ஒட்டுறவு இருக்கும் வரிசைத் தொகுப்பில், மணி எடையை மட்டும் பிடித்துத் தேர்ந்தால் பருத்த மணிகளும் பழைய விளைச்சலும்தான் கிடைக்கும்.

சரி, ஒரு துணைப்பண்பின் வழியாகத் தேர்வது எப்போதுதான் பயன் தரும்? இதற்குத் தெளிவான நிபந்தனை உண்டு. தேர்வுச் செறிவு சமமாக இருந்தால், துணைப்பண்புக்கும் விளைச்சலுக்கும் உள்ள மரபு ஒட்டுறவு, விளைச்சலின் பாரம்பரியத் திறனைத் துணைப்பண்பின் பாரம்பரியத் திறனால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒற்றைப் பாத்தி அடிப்படையில் 0.33-ஐ 0.75-ஆல் வகுத்தால் வர்க்கமூலம் 0.67. மூன்று பாத்திகளின் சராசரி அடிப்படையில் 0.60-ஐ 0.90-ஆல் வகுத்தால் 0.82. மணி எடைக்கும் விளைச்சலுக்கும் அவ்வளவு நெருங்கிய மரபு ஒட்டுறவு மிக அரிது. பாத்திகளின் எண்ணிக்கை கூடக்கூட நிபந்தனை கடினமாவதையும் கவனியுங்கள்: விளைச்சலையே நன்றாக அளக்க முடிகிற முன்னேறிய தலைமுறையில், விளைச்சலை வைத்துத் தேர்வதுதான் விளைச்சலுக்குச் சிறந்த வழி.

தொடக்கத் தலைமுறைகளில் நிலைமை வேறு. கலப்புக்குப் பிந்தைய இரண்டாம் தலைமுறையில் ஒற்றைச் செடியின் விளைச்சலுக்குப் பாரம்பரியத் திறன் மிகக் குறைவு. தள்ளித் தள்ளி நட்ட செடிகளில், நிறையத் தூர்கட்டி உயர்ந்து பக்கத்துச் செடியை மறைப்பதே வெற்றிபெறும். நெருக்கமாக விதைத்த பாத்தியில் அதே வகை தனக்குத்தானே எதிரியாகிவிடும் என்பதை 1968-லேயே பயிரியல் அறிஞர் டொனால்ட் எடுத்துச் சொன்னார். அங்கே உயரம், பூக்கும் நாள், துரு எதிர்ப்பு, மணியின் திரட்சி ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத் தேர்வதே அறிவு. 7டி குரோமோசோமில் உள்ள எல்.ஆர்.34 போன்ற ஜீன்கள் இந்த வேலையை எளிதாக்குகின்றன: இலைத்துரு, மஞ்சள்துரு, சாம்பல்நோய் ஆகிய மூன்றையும் ஓரளவு தாமதப்படுத்துவதோடு, கதிருக்கு அடியிலுள்ள கொடியிலையின் நுனி காய்ந்து பழுப்பாவதையும் அதே ஜீன் உண்டாக்குவதால், நோயே வராத வயலிலும் அந்தக் காய்ந்த நுனியைப் பார்த்து ஜீன் இருக்கலாம் என்று ஊகிக்க முடிகிறது. வேறு காரணங்களாலும் நுனி காயும் என்பதால் குறிப்பானைக் கொண்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

எதிர்மறை ஒட்டுறவுகளில் பயிர்ப்பெருக்குநரை அதிகம் வருத்துவது விளைச்சலுக்கும் மணியின் புரதத்துக்கும் உள்ளது. மாவுச்சத்து கூடும்போது அதே அளவு நைட்ரஜன் நீர்த்துப்போவது இதன் பெரும்பங்குக் காரணம். காட்டு எம்மர் கோதுமையிலிருந்து 6பி குரோமோசோமில் கிடைத்த ஜி.பி.சி.–பி1 ஜீன் இலைகளை விரைவாக முதுமையடையச் செய்து, நைட்ரஜனையும் இரும்பு, துத்தநாகச் சத்துகளையும் மணிக்கு அனுப்புகிறது. சில சூழல்களில் மணி நிரம்பும் காலம் குறுகி மணி எடை குறைவதே அதன் விலை. இங்கே புரதத்தை மட்டுமோ விளைச்சலை மட்டுமோ வைத்துத் தேர்வது வீண். விளைச்சலின் மேல் புரதத்துக்குத் தொடர்புக் கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்குக் கணிசமாக மேலே நிற்கும் வரிசைகளைப் பிடிப்பதுதான் வழி. அதுவும் அந்த விலகல் இரண்டாம் சூழலிலும் நிலைத்தால் மட்டும். பல பண்புகளை ஒரே நேரத்தில் எடைபோட வேண்டுமானால், அவற்றை ஒரே எண்ணாகச் சேர்க்கும் தேர்வுக் குறியீடு இருக்கிறது. 1936-ல் ஃபேர்ஃபீல்ட் ஸ்மித் அதை முன்வைத்தபோது எடுத்துக்கொண்ட பயிரும் கோதுமைதான்.

ஆகவே உங்கள் தரவைப் பொறுத்தவரை நான் செய்யச் சொல்வது இவ்வளவே. பாரம்பரியத் திறனைச் சராசரி அடிப்படையில் மீண்டும் கணக்கிட்டு, எந்த அடிப்படை என்பதையும் எழுதுங்கள். வழித்தடப் பகுப்பாய்விலிருந்து உயிர்நிறையையும் அறுவடைக் குறியீட்டையும் நீக்கிவிட்டு, கதிர் எண்ணிக்கை, கதிருக்கான மணிகள், மணி எடை, கதிர்விடும் நாள் ஆகியவற்றை மட்டும் வையுங்கள். விளைச்சலில் உச்சியில் உள்ள ஏழெட்டு வரிசைகளை எடுத்து, எவை மணிகளின் எண்ணிக்கையால் மேலே வந்தன, எவை மணி எடையால் வந்தன என்று பிரியுங்கள். வேறுவேறு வழியில் மேலே வந்த இரண்டைக் கலப்பதே, ஒரே வழியில் வந்த இரண்டைக் கலப்பதைவிட அதிக வேறுபாட்டைச் சந்ததியில் தரும். அதற்கிடையே அதே 25 வரிசைகளையும் இன்னொரு இடத்திலும் இன்னொரு பருவத்திலும் விதைத்து, மரபு மாறுபாட்டையும் இடைவினை மாறுபாட்டையும் தனித்தனியே பிரித்தெடுங்கள், 0.12 என்று நாம் எடுத்துக்கொண்ட எண்ணில் எவ்வளவு உண்மையிலேயே மரபைச் சேர்ந்தது என்பது அப்போதுதான் தெரியும்.